அப்பாச்சி ஆர்டிஆர் 160-ஐ வீட்டிலேயே ரேஸ் டிராக்குக்குத் தயார் பண்றேன்: இன்ஜினைப் போர் பண்ணலாமா, வேண்டாமா?

ஒற்றை_சிலிண்டர்:
வணக்கம். ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை. பழைய அப்பாச்சி ஆர்டிஆர் 160, கார்புரேட்டர் வண்டி, 27,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கேன். நண்பனோட வண்டியில இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ரெண்டு நாள் ஓட்டியாச்சு. அடுத்த சீசன்ல ரேஸ் லைசென்ஸ் எடுத்து நோவிஸ் (புதுசா வர்றவங்க) பிரிவுல இறங்கணும். கையில 40,000 இருக்கு. மாடிப்படிக்குக் கீழ இருக்கற இடம்தான் பட்டறை. முதல்ல இன்ஜினை இறக்கி 1 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரைக் கடைஞ்சு விட்டத்தைக் கூட்டறது), ஹெட் ஸ்கிம்மிங் (சிலிண்டர் மேல்மூடியோட அடிப்பக்கத்தைச் சீவறது), புகை தடையில்லாம வெளியேற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்னு யோசிச்சிருக்கேன். சரியா?

லேத்பட்டறை:
தாராளமா செய்ங்க. உங்க வண்டி போர், அதாவது சிலிண்டர் விட்டம் 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 52.9. அதான் 159.7 சிசி. 63 ஆக்கினா 164.9. ரேஸ் பிரிவோட 165 சிசி வரம்புக்குள்ள கச்சிதமா உட்காருது. கோயமுத்தூர்ல பத்து வருஷமா லேத் ஓட்டறேன், இந்த அளவுல எத்தனையோ சிலிண்டர் கடைஞ்சு குடுத்திருக்கேன். பிஸ்டன் கிளியரன்ஸும் ரிங் கேப்பும் சரியா வெச்சா ஒண்ணும் ஆகாது. தன் கையால பிரிச்சுக் கோர்த்த வண்டியில ஓட்டறவனுக்கு இன்ஜின் சத்தம் மாறினாலே எங்க கோளாறுன்னு புரியும். காசு குடுத்து வாங்கற வேகத்துல அந்த அறிவு வராது.

பிரேக்_முதல்ல:
தம்பி, அதே கணக்கை முழுசா போட்டுப் பாரு. 159.7-லேருந்து 164.9 வரைக்கும் போனா நூத்துக்கு மூணே சொச்சம்தான் கூடுது. உன் வண்டி 15 குதிரைத்திறன் தருதுன்னு வெச்சுக்கிட்டா, போர் தர்றது அரைக் குதிரை. ஹெட்டை ஸ்கிம் பண்ணிக் கம்ப்ரஷனை ஏத்தினா இன்னும் கொஞ்சம் வரும், கூடவே சூடும் வரும். அது காத்துல மட்டுமே குளிர்ற இன்ஜின். மே மாச வெயில்ல பத்து லேப் முழு திராட்டில்ல போனா நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு இன்ஜின் தட்டறது) ஆரம்பிக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் கொஞ்சம் சின்னதா இருந்து மிக்சர் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா ஓடிச்சுன்னா பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சுக்கும். பின் சக்கரம் லாக் ஆகும். கிளட்சைப் பிடிக்கறதுக்குள்ள நீ தரையில இருப்ப.

அந்த 40,000-ல முதல் செலவு டயர். அடுத்து ஸ்டீல் பிரெய்டட் (மேல ஸ்டீல் கம்பி பின்னின) பிரேக் லைன், நல்ல பேட், புது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழ கொதிக்காது. ஆனா காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஈரம் ஏறினதும் 155 வரைக்கும் இறங்கிடலாம். சென்னைக் காத்துல ரெண்டு வருஷம் கிடந்த ஆயிலோட ஸ்ட்ரெயிட் (டிராக்கோட நேர்பாதை) முடிவுல பிரேக் பிடிச்சுப் பாரு, லீவர் பஞ்சு மாதிரி ஹேண்டில் வரைக்கும் வரும்.

லேத்பட்டறை:
அண்ணா, நீங்க எங்க கோயமுத்தூர் டிராக், காரி ஸ்பீட்வேயை மனசுல வெச்சுப் பேசறீங்க. அது ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், அடுத்தடுத்து வளைவு. அங்க பிரேக்தான் ராஜா, ஒத்துக்கறேன். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர். வளைவுல உசிரைக் குடுத்துப் பிடிச்ச இடைவெளியை, ஸ்ட்ரெயிட்டுல ஒருத்தன் சும்மா திராட்டிலைத் திருகியே தாண்டிப் போவான். ஸ்லிப்ஸ்ட்ரீம்ல, அதாவது முன்வண்டி காத்தைத் தடுக்கற நிழல்ல ஒட்டிக்கிட்டு இருக்கக்கூட அந்த அரைக் குதிரை வேணும்.

மூணாவது_கியர்:
நான் பெண்கள் பிரிவுல ஸ்டாக் (கம்பெனியிலேருந்து வந்தபடியே இருக்கற) 165 சிசி ஓட்டினவ. முக்கியமான ஒண்ணை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. நோவிஸ்ங்கறது ஸ்டாக் பிரிவு. அதுல போர் பண்ணின இன்ஜினோட நுழையவே முடியாது. ரேஸ் முடிஞ்சதும் சந்தேகம்னா இன்ஜினைப் பிரிச்சு அளந்து பார்ப்பாங்க. மீறினா ஜெயிச்சதும் போச்சு. போர் பண்ணிட்டா, மாத்தின இன்ஜின் ஓடற ப்ரோ-ஸ்டாக் பக்கம்தான் போகணும், அங்கேயும் அந்த வருஷ விதியில என்ன எழுதியிருக்கோ அதுக்குள்ளதான். முதல் வருஷமே கம்பெனி டீம் ஆளுங்களோட ஒரே கிரிட்ல (ரேஸ் கிளம்பற வரிசையில) நிக்கணுமா?

பிரேக் அண்ணா சொல்ற டயர் பத்தியும் எனக்கு வேற கருத்து. பழக்கமில்லாத கைக்கு விலை கூடின சாஃப்ட் டயர் தப்பை மறைச்சிடும். முதல் ரெண்டு மூணு டிராக் டே நல்ல ரோடு டயர்லயே ஓட்டுங்க. டிராக்கை விட்டு பிட்டுக்குள்ள (வண்டி நிறுத்தற இடம்) வந்த உடனே, சூடு ஆறறதுக்கு முன்னாடி டயர் காத்தை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. மிச்சப் பணத்தை டிராக் நேரத்துக்கும் லெதர் சூட்டுக்கும் வெச்சுக்கலாம். வேகத்தோட விளையாட ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடற பல் சக்கரம்) போதும். முன்னால ஒரு பல் குறைச்சா, பின்னால சுமார் மூணு பல் கூட்டினதுக்குச் சமம். புதுப்பேட்டையில தேடினா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதுக்கும் அந்தப் பிரிவு விதியைப் பார்த்துக்கோங்க.

ஒற்றை_சிலிண்டர்:
ஸ்டாக்னா இன்ஜினைத் தொடவே கூடாதுன்னு இவ்வளவு கறாரா இருக்கும்னு நினைக்கல. அப்போ இந்த வண்டியில வீட்டிலேயே நான் செய்ய என்னதான் இருக்கு?

பிரேக்_முதல்ல:
நிறைய இருக்கு. டபுள் ஸ்டாண்ட், சைடு ஸ்டாண்ட், சாரி கார்டு, கிராப் ரெயில், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாத்தையும் கழட்டு. வளைவுல சாய்ஞ்சா டபுள் ஸ்டாண்டுதான் முதல்ல தரையைத் தேய்க்கும், பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டுடும். முன் ஃபோர்க் ஆயிலைக் கெட்டியாக்கு, ஸ்பிரிங் மேல பிவிசி பைப் துண்டு வெச்சு பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கறது) கூட்டலாம். நீ ஏறி உட்கார்ந்தா முன்னால 30-லேருந்து 35 மில்லிமீட்டர் இறங்கணும்.

எல்லாத்துக்கும் மேல லாக் வயர், அதாவது போல்ட் கழலாம இழுத்துக் கட்டற கம்பி. ஆயில் ட்ரெயின் போல்ட், ஃபில்லர் கேப், ஃபில்டர் மூடி போல்ட், ஒண்ணு விடாம கட்டு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு பிராக்டிஸ் செஷன்ல எனக்கு முன்னால போன வண்டியோட ட்ரெயின் போல்ட் கழண்டுச்சு. வீட்டுல இன்ஜின் பிரிச்சுக் கோர்த்த வண்டி. ஓட்டினவர் நிமிர்ந்தபடியே போயிட்டார். பின்னால வந்த நாங்க மூணு பேரும் அந்த ஆயில்ல விழுந்தோம். என் காறை எலும்பு ரெண்டா போச்சு. பின்னால வந்த பையன் ஒருத்தன் அதுக்கப்புறம் ஓட்டவே இல்லை. நீ உன் எலும்பைப் பணயம் வைக்கலாம் தம்பி, அது உன் இஷ்டம். உன் ஆயில் விழற இடத்துல இன்னொருத்தன் வர்றான்.

லேத்பட்டறை:
இதுல எனக்கு மறுபேச்சு இல்லை. என் பட்டறையிலேருந்து போன எல்லா இன்ஜினுக்கும் லாக் வயர் கட்டித்தான் அனுப்பறேன். போல்ட் தலையில ஒண்ணரை மில்லிமீட்டர் துளை, ஸ்டெயின்லெஸ் கம்பியை முறுக்கி, போல்ட்டை இறுக்கற பக்கமா இழுத்துக் கட்டணும். எதிர்ப்பக்கமா கட்டினா கட்டாத மாதிரிதான். கூடவே இன்ஜினுக்குக் கீழ ஒரு பெல்லி பேன், சொட்டற ஆயில் டிராக்குல விழாம அதுல தேங்கணும். ஆனா அண்ணா, அந்த போல்ட் கழண்டதுக்குக் காரணம் வீட்டுல பிரிச்சதில்லை, வயர் கட்டாதது. ஷோரூம் வண்டியிலயும் கழலும்.

பிரேக்_முதல்ல:
கழலும். ஆனா பிரிச்ச இடத்துலதான் அடிக்கடி கழலுது. மார்ஷலா கொடி பிடிச்சு நின்ன வருஷங்கள்ல நான் பார்த்தது அதுதான்.

மூணாவது_கியர்:
இன்னொண்ணு. கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கழட்டின வண்டியை ரோட்டுல ஓட்டிட்டு டிராக்குக்குப் போகாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கு. கம்பெனி அளவை மாத்தக்கூடாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. கண்ணாடியும் இண்டிகேட்டரும் இல்லாம பெங்களூர் ஹைவேயில போறது டிராக்கை விட ஆபத்து. நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான் ஆகும்.

ஒற்றை_சிலிண்டர்:
சரி, போர் இந்த சீசனுக்கு இல்லை. பிரேக் லைன், ஃபோர்க் ஆயில், லாக் வயர், இந்த வரிசையில ஆரம்பிக்கறேன். டயர் விஷயத்துல மூணாவது கியர் அக்கா சொன்னபடி ரோடு டயரோடவே மூணு டிராக் டே ஓட்டறேன். வீட்டுல கை ட்ரில்தான் இருக்கு, போல்ட் தலையில துளை நேரா வரமாட்டேங்குது. ரெண்டு பிட் உடைஞ்சுபோச்சு.

லேத்பட்டறை:
போல்ட்டுகளைக் கழட்டிக் கூரியர்ல அனுப்புங்க தம்பி, துளை போட்டு அனுப்பறேன், காசு வேண்டாம். போர் பத்தி நான் மனசு மாறலை. ப்ரோ-ஸ்டாக் போற வருஷம் சிலிண்டரையும் அனுப்புங்க.

பிரேக்_முதல்ல:
ட்ரெயின் போல்ட்டைத் திரும்பப் போடும்போது பழைய வாஷரைப் போடாதே. புதுசு வாங்கிக்கோ.