சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு நோட்டு

உறவுகளுக்கு வணக்கம்.

போன மாதம் தம்பி ஒருவர் கேட்டிருந்தார், "வேலையை விட்டு ஆறு மாசமாச்சு அண்ணா, பொழுதே போக மாட்டேங்குது, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று. அவருக்குத் தனியாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நம்மில் பாதிப் பேர் இப்போது ஓய்வு பெறும் வயதில்தானே நிற்கிறோம், அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் வருடம் நான் சமாளிக்கவில்லை. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். வேலை நின்றுவிட்டது, காலை 5:30க்கு வரும் விழிப்பு நிற்கவில்லை. எழுந்து என்ன செய்வது, ஃபோனைத் தடவுவது, ஜன்னல் வழியாக இருட்டைப் பார்ப்பது, அப்புறம் மனைவி சமையலறையில் பாத்திரங்களை எங்கே வைக்கிறாள் என்று மேற்பார்வை பார்ப்பது. ஒரு நாள் அவள், "ஆபீஸை இங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் வேலையை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டாள். மெஷின் இருக்கிறது, ஆனால் கையால்தான் கழுவ வேண்டுமாம். தண்டனை என்றுதான் நினைத்தேன்.

தொட்டிக்கு நேரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். பல வருடம் இந்த வீட்டில் இருந்தும் அதை நான் பார்த்ததில்லை. கண்ணில் பட்டிருக்கும், பார்த்ததில்லை. கையை வெந்நீரில் விட்டுக்கொண்டு தினமும் கால் மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்தால் அது மெதுவாக நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இலையுதிர் காலத்தில் வரும் மஞ்சள் புதிதாக வருவதில்லை, கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் சிதைந்து போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியில்லை, அதை மரம் அந்தக் கடைசிச் சில வாரங்களில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. அடுத்த வருடத்து மொட்டோ பழைய இலை விழுவதற்கு முன்பே காம்படியில் உட்கார்ந்துவிடுகிறது. (இதை வைத்து முதுமைக்கு யாராவது தத்துவம் சொல்ல வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.)

நோட்டு போடுவது அப்போதுதான் தொடங்கியது. கணக்கன் புத்தி எங்கே போகும்? தேதி, சூரியன் மறையும் நேரம், மரத்தில் கண்டது ஒரு வரி. நான் இருப்பது ஏறக்குறைய 50 பாகை வடக்கு அட்சரேகையில், ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணி நேரம்தான். அந்த டிசம்பர் மாலைதான் என்னை வருடா வருடம் கீழே தள்ளும். நோட்டு போட்ட முதல் டிசம்பரில் ஒன்றைக் கவனித்தேன்: மிகக் குறுகிய பகல் 21 வாக்கில் வருகிறது, ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அன்றைக்கு இல்லை, பத்து நாள் முன்னதாக, 12 வாக்கிலேயே. அதற்குப் பிறகு மாலை துளித்துளியாக நீள ஆரம்பித்துவிடுகிறது, காலை மட்டும் வருடக் கடைசி வரை இன்னும் தாமதமாகிக்கொண்டே போகிறது. நான் எங்கோ தப்பாக எழுதிவிட்டேன் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அது சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும்தான் காரணமாம். எனக்குக் காரணத்தைவிட அந்தப் பத்து நாள் லாபம்தான் பெரிதாக இருந்தது. எல்லோரும் இருட்டு இன்னும் கூடுகிறது என்று புலம்பும்போது என் மாலை ஏற்கனவே திரும்பியிருக்கும். பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிற நம்மவர்கள் இதை ஆறு மாதம் தள்ளி வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பகல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நான்கு நாள் படுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர். அந்த நான்கு நாள் எரிச்சலை இப்போது நினைத்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது, தாதியரிடம் அப்படி விழுந்தேன். பிறகு படித்ததில் தெரிந்தது, ரோஜர் உல்ரிச் என்பவர் 1984லேயே இதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் 23 பேர் ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், 23 பேர் செங்கல் சுவர் தெரிந்தவர்கள். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான், 46 பேர்தான், ஆனால் அதே செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் எப்படி நம்பாமல் இருப்பேன்?

முழங்கால் ஆறியதும் நடை. பெரிய காட்டுக்கெல்லாம் போவதில்லை, தெருமுனைப் பூங்கா, அதே பாதை, அதே பெஞ்சு. புதுப்புது இடமாகப் போங்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, புது இடத்தில் வழியைத்தான் பார்க்கிறேன், பழைய இடத்தில்தான் மாற்றம் தெரிகிறது. அந்தப் பெஞ்சுக்கு ஒரு முதியவர் வருவார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது, இந்த நாட்டுப் பாஷை இருவருக்கும் அரைகுறை. வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் போனால் அவர் விரலை நீட்டுவார், நான் எண்ணிச் சொல்லுவேன். எண்கள் மட்டும் இருவருக்கும் தெரியும். போன வாரம் 41 என்றேன், அவர் தலையை ஆட்டி 43 என்றார். அரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது.

சரி தம்பி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் இன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது என்று எழுதி அனுப்புங்கள். நம்மவர்கள் எத்தனை நாட்டில் இருக்கிறோமோ அத்தனை வரி வரட்டும், ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இங்கே 4:09. மரத்தில் இலை இல்லை, மொட்டு இருக்கிறது. தொட்டியில் இரண்டு சட்டி ஊறிக்கொண்டிருக்கிறது, போகிறேன்.