எழுத்து மட்டுமே உள்ள போஸ்டர்: லேஅவுட்டில் உதவி வேண்டும்

வணக்கம். நான் கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு மாணவி. படமே இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்து ஏ2 அளவில் (420 × 594 மி.மீ.) ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். 'மழை' என்ற ஒரே சொல்தான் தலைப்பு. அடியில் நான்கு வரித் தகவல்.

சுவிஸ் டிசைனர் ஜோசப் முல்லர்-புரோக்மன் 1955இல் செய்த பீத்தோவன் போஸ்டரைப் பார்த்ததிலிருந்து கிரிட் (பக்கத்தைப் பிரிக்கும் கட்டக் கோடுகள்) என்றாலே எனக்கு உயிர். ஆனால் தமிழ் எழுத்து அதில் சுலபமாக உட்கார மறுக்கிறது. ழ-வின் வால் பேஸ்லைனுக்கு (எழுத்துகள் நிற்கும் கோடு) கீழே இறங்குகிறது. ஐகாரக் குறி நடுவில் அகலமாக நிற்பதால் 'ம' தனித்துப் போகிறது. கெர்னிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) குறைத்தால் சுழிகள் முட்டிக்கொள்கின்றன. அந்த வால்தான் எனக்குப் பிடித்ததே, அதை வெட்ட மனமில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டில் பிளாக் வெயிட் (மிகத் தடித்த வடிவம்) பயன்படுத்துகிறேன். தூரத்தில் நின்று பார்த்தால் சுழிகள் அடைத்த மாதிரி தெரிகிறது. ஒரு படி மெலிதாக்கலாமா, வேறு ஃபான்ட்டுக்குப் போகலாமா?

சிறிய வரிகளில் மேலே இகரக் குறியும் கீழே உகரக் குறியும் இடிக்காமல் இருக்க வரி இடைவெளி எவ்வளவு வைப்பீர்கள்? தமிழில் போஸ்டர் செய்தவர்கள் உங்கள் கிரிட் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.