வங்கி ஸ்டேட்மென்ட் எக்ஸெலில் கூட்டல் ஆகவில்லையா? தமிழ்நாடு-கேரள எல்லையோரக் கணக்கு எழுதுபவர்களின் அனுபவங்கள்

கம்பம், ஏலக்காய்க் கடைக் கணக்கு

ஏலக்காய் வியாபாரிகள் பலருக்கு மலைக்குக் கீழே ஒரு வங்கிக் கணக்கு, குமுளி, வண்டன்மேடு பக்கம் இன்னொன்று. இரண்டு ஸ்டேட்மென்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டினால் ஒன்று கூடும், மற்றது கூடாது. உடனே சூத்திரத்தைத் திருத்தப் போகாதீர்கள். செல்லுக்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்று முதலில் பாருங்கள்.

தொகை நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத்தொகை வராமல் எண்ணிக்கை மட்டும் வந்தால் எல்லாமே எழுத்து. கூட்டுத்தொகை வந்தாலும் அதை நம்பிவிடக் கூடாது. 200 வரியில் 9 வரி எழுத்தாக இருந்தால் சம் (கூட்டும் சார்பு) அந்த ஒன்பதை விட்டுவிட்டு மீதியைக் கூட்டித் தரும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்து, முடிவு இருப்போடு பைசா வரை ஒத்துப் பாருங்கள்.

எழுத்தாக மாறியதற்குப் பெரும்பாலும் காரணம், நெட் பேங்கிங் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒரு விசேஷ இடைவெளி. 4,500.00 என்பதற்கு லென் (எத்தனை எழுத்து என்று எண்ணும் சார்பு) 8 வர வேண்டும். 9 வந்தால் ரைட் சார்பில் கடைசி எழுத்தை எடுத்து, யூனிகோட் சார்பில் அதன் எண்ணைப் பாருங்கள். 32 என்றால் சாதாரண இடைவெளி, அதை நீக்கும் ட்ரிம் சார்பு போதும். 160 என்றால் ட்ரிம் தொடாது, கிளீனும் தொடாது (அது 0 முதல் 31 வரைதான் நீக்கும்). ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் சார்பில் முதலில் செல், அடுத்து யூனிகேர்(160), அதாவது 160 என்ற எண்ணுக்குரிய எழுத்து, மூன்றாவதாக உள்ளே எதுவும் இல்லாத இரட்டை மேற்கோள். அதைச் சுற்றி, எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ சார்பு. விடையை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் பழைய இடத்தில் ஒட்டுங்கள்.

களியக்காவிளை, ரப்பர் கடைக் கணக்கு

கம்பம் அண்ணன் சொன்ன 160 இடைவெளி போன பிறகும் இருப்பு நெடுவரிசை மசியவில்லை என்றால், தொகைக்குப் பின்னால் சிஆர் (வரவு), டிஆர் (பற்று) ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ரீப்ளேஸ் போட்டு இரண்டையும் அழித்தால் எண் கிடைக்கும், ஆனால் குறி போய்விடும். ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும்) கணக்கில் இது கடனைக் கையிருப்பாக மாற்றிவிடும். முதலில் ட்ரிம், பிறகு கடைசி இரண்டு எழுத்து டிஆர் என்றால் -1, இல்லையென்றால் 1 என்று பக்கத்து நெடுவரிசையில் இஃப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் எழுத்தையும் கமாவையும் நீக்கி, கிடைக்கும் எண்ணை இதால் பெருக்க வேண்டும்.

காலியாகத் தெரியும் செல்லும் தொல்லைதான். வரவு வரியில் பற்றுக் கட்டத்துக்குள் ஒரே ஒரு இடைவெளி உட்கார்ந்திருக்கும். வெறும் + − போட்டு ஓடும் இருப்பு எழுதினால் அங்கிருந்து கீழே முழுக்க #வேல்யூ! முந்தைய இருப்பும் வரவும் ஒரு சம்முக்குள், பற்று இன்னொரு சம்முக்குள் என்று எழுதிக் கழித்தால் நிற்கும். தொகையெல்லாம் எண்ணான பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

செங்கோட்டை, லாரி புக்கிங் கணக்கு

எனக்குத் தெரிந்தவரை தொகையைவிடத் தேதிதான் ஆபத்து. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும், பதிவு முந்தைய நிதியாண்டுக்கே போய்விடும். 13ஆம் தேதி முதல் வருபவை மாற முடியாமல் எழுத்தாகவே இடது ஓரம் நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி இடது, பாதி வலது என்று கண்டால் அந்த ஷீட்டைச் சரிசெய்ய உட்காராதீர்கள், ஃபைலை வங்கியிலிருந்து மறுபடி இறக்குங்கள்.

இறக்கியதை இரட்டைக் கிளிக்கில் திறக்க வேண்டாம். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, டேட்டா டைப்பைத் தானாகக் கண்டறிவதை நிறுத்தி, அப்போது திறக்கும் பவர் குவெரி சாளரத்தில் தேதி நெடுவரிசைக்கு யூசிங் லொக்கேல், டேட், இங்கிலிஷ் (இந்தியா). பழைய எக்ஸெலில் ஃபைலின் வால் பெயரை டிஎக்ஸ்டி என்று மாற்றித் திறந்தால் விஸார்ட் வரும், மூன்றாம் படியில் டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு). லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல்+எஃப்8 அழுத்துங்கள்: எண்ணும் தேதியும் நீலம், எழுத்து கறுப்பு, சூத்திரம் பச்சை. எக்ஸெலில் இந்த வசதி இல்லாதது பெரிய குறை.

கம்பம்

செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. எண்ணெல்லாம் சரியாகியும் விடை மாறவில்லை என்றால் ஃபார்முலாஸ் மெனுவில் கேல்குலேஷன் மேனுவலில் (தானாகக் கணக்கிடாத நிலையில்) இருக்கும். முதலில் திறந்த ஃபைல் மேனுவலாக இருந்தால் அடுத்துத் திறப்பதும் அப்படியே ஆகும்.

கொழிஞ்சாம்பாறை, பால் சங்கக் கணக்கு

12 இலக்க யூபிஐ எண் 4.1இ+11 என்று தெரிந்தால் பயம் வேண்டாம், உள்ளே முழுசாக இருக்கும். ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் எழுதப்படும், எண் போய்விடும். எக்ஸெல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யம் ஆகிவிடும், மீட்க வழியில்லை. இறக்கும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். டெக்ஸ்ட் ஆக்கிய பிறகும், ஒரே மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்-இஃப் முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவு என்று தவறாகச் சொல்லும். சம்ப்ராடக்ட் சார்பில் நேரடியாக = போட்டு ஒப்பிடுங்கள்.

பெயர்ப் பட்டியலை மலையாளத்தில் வைத்திருக்கும் சங்கங்களுக்கு இன்னொரு சிக்கல். சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்யைக் காட்டும் மலையாள எழுத்துகள்) கம்ப்யூட்டர் எழுத்துத் தரத்தில் தனி எண் 2008இல் யூனிகோட் 5.1இல்தான் வந்தது. பழைய முறையில் டைப் செய்த சில்லு மூன்று குறி, புதியது ஒன்று. பார்வைக்கு ஒரே பெயர், லென் 2 அதிகமாக வரும், பட்டியலில் தேடும் விலுக்-அப் பொருந்தாமல் போகும். ன் சில்லுக்கு யூனிகேர் 3368, 3405, 8205 மூன்றையும் & போட்டுச் சேர்த்து, அதை 3451 ஆக சப்ஸ்டிட்யூட் செய்யுங்கள். மற்ற சில்லுகளுக்கும் இதே முறைதான், எண்கள் மட்டும் மாறும்.