கட்டிலுக்கு அடியில இருந்து வெளியவே வராத நாட்டு நாய், என்ன பண்றது?

வேளச்சேரிவாசி:
ஒரு ஷெல்டர்ல இருந்து நாட்டு நாய் தத்து எடுத்துட்டு வந்திருக்கோம். பொண்ணு, ரெண்டு வயசு இருக்கும்னாங்க, கருத்தடை ஆயிடுச்சு, அதுக்கு அடையாளமா காதுல போடற வெட்டும் இருக்கு. வந்ததுல இருந்து கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு. நாங்க முழிச்சிருக்கிற வரைக்கும் அசையாது, எல்லாரும் படுத்தப்புறம் டைல்ஸ்ல நகம் டிக் டிக்னு கேக்கும், வந்து சோத்த தின்னுட்டு பால்கனில ஒண்ணுக்கு போயிட்டு திரும்ப உள்ள பூந்துக்கும். குக்கர் விசிலுக்கே நடுங்குது. நேத்து அம்மா பாவமேன்னு கைய விட்டு இழுக்கப் பாத்தாங்க, உர்ருன்னுச்சு. இப்போ திருப்பி குடுத்துருங்கறாங்க. மூணாவது மாடி ஃபிளாட், வாக்கிங் எப்போ ஆரம்பிக்கலாம்? அடுத்த மாசம் தீபாவளி வேற, நெனச்சாலே பக்குங்குது.

மூணுநாய்அக்கா:
தம்பி, ராத்திரி எழுந்து வந்து சாப்பிடுதுல்ல, அதுவே பெரிய விஷயம். கட்டிலடி அதோட எடம், அங்க யாரும் கைய விடக்கூடாது, பெருக்கறேன்னு தொடப்பத்தையும் விடக்கூடாது. உறுமினதுக்கு திட்டாதீங்க, கிட்ட வராதன்னு அது மரியாதையா சொல்லுது, அதுக்கும் அடி விழுந்தா அடுத்த தடவ உறுமாம நேரா கடிச்சிரும். அம்மாவ தெனம் கொஞ்ச நேரம் அந்த ரூம்ல தரையில உக்காந்து, நாய பாக்காம, வெங்காய பூண்டு மசாலா எதுவும் இல்லாம வேகவச்ச சிக்கன் துண்ட தள்ளி தள்ளி போடச் சொல்லுங்க, எலும்பு வேண்டாம். வந்து எடுத்தா தடவாதீங்க, எடுத்துட்டு போகட்டும். ஷெல்டர்ல என்ன குடுத்தாங்களோ அதையே கொஞ்ச நாளைக்கு சாப்பாடா குடுங்க, டக்குனு மாத்தினா வயித்தால போகும்.

இன்னொண்ணு, ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் எடுத்துருங்க. நம்ம ஊர்ல உண்ணி காய்ச்சல் சகஜம். சோர்ந்து மூலையில கெடக்கும், நாம பயத்துல கெடக்குதுன்னு நெனச்சுப்போம், பிளேட்லெட் எறங்கி இருக்கும். கிட்ட விட ஆரம்பிச்சதும் காது மடிப்பு, விரல் இடுக்கெல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க.

ஷிஃப்ட்முடிஞ்சுது:
இவ்ளோ செல்லம் எதுக்கு ப்ரோ, செயினப் போட்டு இழுத்துட்டு மொட்டமாடிக்கு போய் நாலு வெடி வெடிங்க, தானா பழகிடும். எங்க ஊர்ல நாய்ங்க எல்லாம் அப்படித்தான் வளந்துச்சு.

மூணுநாய்அக்கா:
பழகாது, இன்னும் மோசமாத்தான் ஆகும். உங்க ஊர் நாய் ஓட எடம் இருந்தா ஓடிருக்கும், மூணாவது மாடில எங்க ஓடும்? சத்தம் பழக்கணும்னா போன்ல பட்டாசு ஆடியோவ காதுக்கு எட்டியும் எட்டாம வச்சு சிக்கன் போடணும், நாய் சாப்பிடறத நிறுத்துச்சுன்னா சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

அடையார்நடை:
வாக்கிங் பத்தி மட்டும் சொல்றேன். புது நாய் தொலையறதே அநேகமா கேட்டாண்டயும் லிஃப்ட்டாண்டயும்தான். நாட்டு நாய்க்கு தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், பயந்து பின்னாடி ரிவர்ஸ் எடுத்தா காலர் தலை வழியா உருவிட்டு வந்துரும், நெஞ்சச் சுத்தி மாட்டற சாதா ஹார்னஸ்லயும் இதே கததான். வயித்தோட பின்பக்கம் இன்னொரு பட்டை வர்ற ஹார்னஸா பாத்து வாங்குங்க, அதுல ஒரு லீஷ் (நாம பிடிச்சுக்கற கயிறு), காலர்ல ஒரு லீஷ். ரோல் ஆகி நீளுமே அந்த லீஷ் வேணவே வேணாம், கை நழுவினா அந்த பிளாஸ்டிக் கைப்பிடி கடகடன்னு பின்னாடியே துரத்தும், நாய் உயிர விட்டு ஓடும். மொதல்ல வீட்டுக்குள்ளயே போட்டு பழக்குங்க, கட்டிலடில இருந்து தானா வந்தப்புறம் விடிகாலைல, படியில எறக்குங்க, லிஃப்ட் அப்புறம். காலர்ல போன் நம்பர் தகடு இப்பவே. மரக்கதவு தொறக்கும்போது க்ரில் கேட் பூட்டி இருக்கணும், ஸ்விக்கிக்காரர் வந்தாலும் சரி. பால்கனி கம்பி இடைவெளிக்கு வல கட்டிட்டீங்களா?

வேளச்சேரிவாசி:
வல புறாவுக்காக முன்னாடியே கட்டினது, ஆனா நாய் பாய்ஞ்சா தாங்காது, கீழ்பக்கம் கம்பி வல அடிக்க சொல்லிட்டேன். அம்மா சிக்கன் வேகவைக்க ஒத்துக்கிட்டாங்க (தனி பாத்திரம்னு கண்டிஷன்). தீபாவளிக்கு தூக்க மாத்திர குடுக்கலாமா அக்கா? அசோசியேஷன்ல வேற நாய் கூடாதுன்னு முனகறாங்க.

மூணுநாய்அக்கா:
நம்ம மாத்திர எதுவும் கூடாது தம்பி, பாராசிட்டமால்கூட. டாக்டர்கிட்ட இப்பவே போங்க, பயத்த கொறைக்கிற மாத்திர தனியா இருக்கு, முன்னாடியே ஒரு நாள் குடுத்துப் பாக்கணும். சிலது உடம்ப மட்டும் அசையாம வைக்கும், உள்ள பயம் அப்படியே இருக்கும், அதனால கேட்டு வாங்குங்க. வெடிக்க காலைல 6-7, சாயங்காலம் 7-8ன்னு கவர்மெண்ட் நேரம் குடுத்திருக்கு, நடக்கறது நமக்குத் தெரியும், அதனால அந்த வாரம் பூரா விடியறதுக்கு முன்னாடி வாக்கிங் முடிச்சிருங்க, ஜன்னல் சாத்தி ஃபேன ஃபுல்லா விடுங்க. அசோசியேஷன் நாய் வளக்க தட போட முடியாதுன்னு விலங்கு நல வாரியமே சொல்லியிருக்கு, ரேபிஸ் ஊசி சர்ட்டிபிகேட்டும் கார்ப்பரேஷன் லைசென்ஸும் கைல வச்சுக்கோங்க. எப்பயாச்சும் பல்லு பட்டுச்சுன்னா, ஊசி போட்ட நாய்தானேன்னு விடாம, ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிருங்க. குக்கர் வைக்கும்போது கிச்சன் கதவ சாத்திக்கச் சொல்லுங்க அம்மாவ.