ஸ்டாஃப் டிக்கெட்டில் மாலத்தீவு போன கதை

பதினான்கு வருடமாக ஒரு விமான நிறுவனத்தில் செக்-இன் கவுன்ட்டர், போர்டிங் கேட் என்று மாறி மாறி நிற்கிறேன். "உனக்கென்னப்பா, ஓசியிலேயே உலகம் சுற்றலாம்" என்று சொல்லாத உறவினர் கிடையாது. ஓசி இல்லை, கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி, அவ்வளவுதான். ஆனால் சீட் உறுதி கிடையாது. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் வந்து, கவுன்ட்டர் மூடிய பிறகு, மிச்சம் இருந்தால் நமக்கு. அந்த மிச்சத்துக்கும் சீனியாரிட்டி வரிசை உண்டு. சில நாள் சீட் காலியாகவே இருக்கும், ஆனாலும் ஏற்ற மாட்டார்கள். எதிர்க்காற்று பலமாக இருந்தால் எரிபொருளைக் கூடுதலாக நிரப்புவார்கள், எடை கூடிவிட்டது என்றால் முதலில் இறங்குவது நாம்தான்.

இது தெரிந்தும் ஜூலையில் மனைவி, மகளோடு மாலத்தீவுக்கு ஸ்டாண்ட்பையில், அதாவது இந்த மிச்ச சீட்டை நம்பி, கிளம்பினேன். மழைக்காலம், கூட்டம் இருக்காது என்பது என் கணக்கு. "ஒரு தடவையாவது கன்ஃபார்ம் டிக்கெட் போடேன்" என்றாள் மனைவி. மூன்று நாளைக்கு முன் லோடு, அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தபோது பதினொரு சீட் காலி, முந்தின இரவு ஐந்து. விடிகாலையில் எங்கேயோ ஒரு விமானம் ரத்தாகி அந்தப் பயணிகளை எல்லாம் இதில் போட்டுவிட்டார்கள், நாங்கள் போய் நின்றபோது ஒன்றுகூட இல்லை. மதிய விமானத்தில்தான் இடம் கிடைத்தது. மாலே விமான நிலையத்தில் இறங்கும்போது மணி நாலரை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ரிசார்ட் பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் இருக்கிறது, அங்கே போக எங்களுக்குப் போட்டிருந்தது கடல் விமானம், அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பைலட் கண்ணால் பார்த்துத் தண்ணீரில் இறக்குகிற விமானம் அது. நாலரைக்கு இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்துப் போவதற்குள் அன்றைய கடைசி விமானம் போய்விட்டது. ரிசார்ட் கவுன்ட்டரில் இருந்த பையன் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு "மிகவும் வருந்துகிறேன் சார்" என்றான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், பதினான்கு வருடமாக நானே வைத்துக்கொள்கிற முகம். ரிசார்ட்டில் அந்த ஒரு நாளுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். கடலை மேடாக்கிக் கட்டிய ஹுல்ஹுமாலே தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பிடித்துத் தங்கினோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கடல் விமான முனையத்தில் மறுபடியும் தராசு. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் கிலோ கணக்கில் பணம். எங்கள் பெட்டி 23. ஊரார் பெட்டியை எல்லாம் பிரிக்கச் சொன்ன நான், தரையில் உட்கார்ந்து என் பெட்டியைப் பிரித்தேன். மகள் இரண்டு சட்டைக்கு மேல் ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் விமானம் ஏறினாள்.

அந்தக் குட்டி விமானம், ட்வின் ஓட்டர், பதினைந்து பேர் போல உட்காரலாம். பைலட்டுக்குச் செருப்புகூட இல்லை, வெறும் கால். ஏசி கிடையாது, இரைச்சலுக்குக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்று தருகிறார்கள். எனக்கு ஆச்சரியம் இன்னொரு பையன்தான். அவனே பெட்டி அடுக்கினான், பெல்ட் சரிபார்த்தான், கதவைச் சாத்தினான், இறங்கியதும் மிதவை மேல் குதித்துக் கயிற்றை வீசினான். எங்களிடம் இதற்கு நாலு டிபார்ட்மென்ட், நாலு வாக்கி டாக்கி, யார் செய்ய வேண்டும் என்று அரைமணி நேரச் சண்டை.

ரிசார்ட்டைப் பற்றிச் சொல்ல ரொம்ப இல்லை, படங்களில் பார்ப்பது போலவேதான் இருக்கிறது. ஹனிஃபாரு விரிகுடாவில் மகள் மான்டா திருக்கைகளைப் பார்த்தாள், அன்று முழுக்க வேறு பேச்சில்லை. என்னைப் படுத்தியது கடிகாரம். அங்கே சில ரிசார்ட்டுகள் சூரியன் தாமதமாக மறைய வேண்டும் என்று மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்கிறார்கள், எங்களுடையதும் அப்படித்தான். திரும்பும் விமானம் எந்த மணியில், கடல் விமானம் எந்த மணியில் என்று விடுமுறை முழுக்க மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரிசார்ட்டின் படகுத்துறையில் ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள், அவர்கள் வந்துவிட்டார்கள், பெட்டி வரவில்லை. எடை கூடினால் பெட்டியை அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். வாய் சும்மா இருக்குமா, போய் விளக்கினேன், டேக் எண்ணைப் பார்த்தேன், "கவலைப்படாதீர்கள், மதியத்துக்குள் வந்துவிடும்" என்றேன். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு, அறைக்கு இரண்டு துண்டு கொண்டுவரச் சொன்னார். மனைவி மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அந்தப் படகுத்துறையில் கடல் விமானத்தின் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறவரோடும் இப்படி வாய் கொடுத்துத்தான் பழக்கம். மாலத்தீவுக்காரர், நாற்பது வயது இருக்கும், எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தி. படகைக் காட்டி "தோனி" என்றார். நாங்களும் தோணி என்றுதான் சொல்வோம் என்றேன், அவருக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது, அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தோணி, தோணி" என்பார். அவர் வீடு பக்கத்து ரா அட்டோலில். விடுப்பு கிடைத்தால் படகில்தான் போவாராம். ஒன்பது வருடமாகக் கடல் விமானத்துக்குக் கயிறு கட்டுகிறார், ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். ரொம்பச் சத்தம், காது அடைக்கும், பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மேலிருந்து தீவுகள் தெரியுமே என்றார். தெரியும் என்றேன், செல்போனில் எடுத்ததைக் காட்டினேன். ஒரு படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் நாளில் இரண்டே சீட். மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டு நான் நின்றேன். அடுத்தது வேறொரு நிறுவனத்தின் விமானம், அதற்கும் ஊழியர் கட்டணம் உண்டு, அதற்கும் அதே காத்திருப்பு. கேட்டில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு "உட்காருங்கள் சார், கடைசியில் பார்க்கலாம்" என்றாள். நான் எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. எல்லோரும் ஏறி முடித்த பிறகு கூப்பிட்டுக் கழிவறைக்குப் பக்கத்தில் நடு சீட் கொடுத்தாள், சாய்க்கவும் முடியாது. ராஜ மரியாதை.

தரை இறங்கியதும் மனைவியின் மெசேஜ் வந்திருந்தது: "அடுத்த தடவை கன்ஃபார்ம்." சரி என்று பதில் போட்டேன். போன வாரம் சீஷெல்ஸுக்கு லோடு பார்த்தேன், பதினாறு சீட் காலி.