கலைச்சொல் உதவி: திரும்பத் திரும்ப ஆட வைக்கும் குணத்துக்கு என்ன பெயர்?

செந்தூல், திங்கள் இரவு

வணக்கம் அன்பர்களே.

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்துக்காக, கணினி விளையாட்டுகளைத் திறனாய்வு செய்வது பற்றிய 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போவது படிவம் 3 மாணவர்கள். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். நகரம் கட்டும் விளையாட்டுகள் பற்றிய பகுதியில் இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன.

ஒரே இலக்கைப் பல வழிகளில் அடைய விளையாட்டு இடம் தருவதற்கு 'உத்திப் பன்மை' என்று போட்டிருக்கிறேன். ஒருமுறை ஆடி முடித்தவரை மறுபடி வெறும் நிலத்திலிருந்து தொடங்க வைக்கும் குணத்துக்குத்தான் சொல் அமையவில்லை. மறுவிளையாட்டுத் தன்மை, மீளாடுதிறன், மீளாடுதகைமை, அலுக்காமை என்று நான்கை எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். வாக்கியம் இதுதான்: "உத்திப் பன்மை குறைந்தால் ______ குறையும்." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

பட்டர்வொர்த், செவ்வாய் காலை

தம்பி, 'மறு' இங்கே சரிவராது. மறுநாள் என்றால் அதே நாள் திரும்பி வருவதில்லை, அடுத்த நாள். மறுகரை என்றால் எதிர்க்கரை. அப்படியானால் மறுவிளையாட்டு என்பது வேறொரு விளையாட்டு.

'மீளாடுதிறன்' என்பதிலும் எனக்கு ஒரு தடை உண்டு. திறன் யாருக்கு? ஆடுகிறவருக்கா, ஆட்டத்துக்கா? கரைதிறன், கடத்துதிறன் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே உப்பே கரைகிறது, செம்பே மின்சாரத்தைக் கடத்துகிறது. வினைக்குரிய எழுவாயிடமே திறனும் இருக்கிறது. விளையாட்டு தானாக ஆடுவதில்லையே, ஆடப்படுகிறது. ஆகவே தகைமை அல்லது தகவு. 'மீளாடுதகவு' என்றால் ஓசை நன்று.

உத்தியைப் பற்றியும் யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். யுக்திதான் உத்தி ஆயிற்று என்பார்கள். இருக்கட்டும். நூலுக்கு 32 உத்தி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொண்ட சொல் அது. தோட்டத்தில் நாங்கள் சடுகுடு ஆடுமுன் 'உத்தி பிரிப்போம்'. இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப் போய், ஒருவன் புலி ஒருவன் சிங்கம் என்று கமுக்கமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, தலைவன்மார்களிடம் எது வேண்டும் என்று கேட்போம். விளையாட்டோடு அவ்வளவு ஒட்டிய சொல்லை வடசொல் என்று சொல்லித் தள்ள எனக்கு மனம் வராது.

பாயான் லெப்பாஸ், செவ்வாய் மதியம்

ஐயா, அக்கா, அண்ணன் அனைவருக்கும் வணக்கம். நான் இந்த வகை விளையாட்டுகளைப் பள்ளிக் காலத்திலிருந்து ஆடுகிறவன். சொல்லுக்கு முன்னால் பொருளை ஒரு தடவை பார்த்துவிடலாமே.

1989இல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டு வந்தபோது அதில் வெற்றி தோல்வி என்று முடிவு எதுவும் கிடையாது. அதனாலேயே வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். அதை உருவாக்கிய வில் ரைட்டே அதை விளையாட்டு என்பதைவிட விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்லிவந்தார். முடிவே இல்லாததை 'மீண்டும்' ஆடுவது எப்படி? சான் பிரான்சிஸ்கோவின் 1906 நிலநடுக்கம், பெர்ன் நகரின் 1965 போக்குவரத்து நெரிசல் மாதிரி சூழல்களைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். அவற்றை வேண்டுமானால் முடித்தேன் என்று சொல்லலாம். மற்றபடி நாம் செய்வது புதிய நிலத்தை எடுத்துக்கொண்டு புதிய ஊரைத் தொடங்குவது.

2018இல் வந்த ஃப்ராஸ்ட்பங்க் இதற்கு நேர் எதிர். உறைபனியில் ஒரு கொதிகலனைச் சுற்றி ஊர் கட்ட வேண்டும். முதல்முறை ஆடும்போது கடைசியில் வரும் பெரும்புயல் ஆளை உலுக்கிவிடும். இரண்டாம் முறை அது வரும் என்று தெரியும், நிலக்கரியைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். அப்போதும் ஆட வைப்பது அந்த ஊரை ஒழுங்கால் ஆள்வதா, நம்பிக்கையால் ஆள்வதா என்று நடுவில் பிரியும் பாதை. போன தடவை எடுக்காத பாதை நமக்காகக் காத்திருக்கிறது.

அண்ணன் எழுதிய வாக்கியம் முற்றிலும் சரி என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சிம்சிட்டி 3000இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் 6 மில்லியன் பேர் வாழும் நகரைக் கட்டினார். பல ஆண்டு உழைப்பு. கணக்குப் போட்டு மிகச் சிறந்த ஒரே அமைப்பைக் கண்டுபிடித்து, நிலம் முழுவதும் அதையே அடுக்கினார். சாலையே இல்லை, சுரங்க ரயில் மட்டும். மலைத்துப்போய்ப் பார்த்தேன். ஆனால் அந்த அமைப்பு தெரிந்த பிறகு வேறு மாதிரி கட்ட எனக்குப் பல நாள் கை வரவில்லை. பழைய ரோமானிய ஊர்களைக் கட்டும் சீசர் 3 ஆடினவர்களுக்கும் இது தெரியும். வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோகும் சந்தைக்காரி நாற்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோரும் சந்திப்பே இல்லாத வளையத் தெருவைக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு எந்த ஊரைத் திறந்தாலும் அதே வளையம்.

என்னைக் கேட்டால் 'மீள்' என்ற அடியே பொருந்தாது. திரும்ப வருவது ஆட்டம் இல்லை. ஆள் வருகிறார், ஆட்டம் புதிதாக இருக்கிறது.

கிள்ளான், செவ்வாய் இரவு

கையேடு போகப்போவது என் வகுப்புக்குத்தான். தகைமை, தகவு எல்லாம் அழகு. என் மாணவர்கள் 'மீளாடுதகவு' என்பதைப் பார்த்தால் ஆடு என்ற விலங்கிடம்தான் போய் நிற்பார்கள். அப்புறம், அறிவியலில் 'மீள்தன்மை' என்று இழுத்துவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் குணத்தைச் சொல்கிறோம். இங்கே நடப்பது அதற்குத் தலைகீழ்.

இன்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "எத்தனை தடவை வெளாண்டாலும் போர் அடிக்காது டீச்சர்" என்றான் ஒருவன். இன்னொருத்தி சொன்னதைக் குறித்துக்கொண்டேன். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் விளையாட்டில் பினாங்குத் தீவின் நில அமைப்பை ஏற்றி அவளும் அவள் அண்ணனும் தனித்தனியாகக் கட்டினார்களாம். நடுவில் மலை, கட்டுவதற்குச் சமதரை கிழக்குக் கரையோரம். அவள், ஆங்கிலேயர் 1786இல் தொடங்கியதைப் போல, ஜார்ஜ்டவுன் முனையில் துறைமுகத்தோடு ஆரம்பித்து, தெற்கே ரயில் போட்டுக்கொண்டு போனாள். அண்ணன் பாலத்தை முதலில் போட்டு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளை வைத்து வடக்கே வந்தான். "ஒரே தீவு டீச்சர், ரெண்டு ஊரு" என்றாள். இந்தக் குழந்தை புரிந்துகொண்ட ஒன்றை அவளுக்குப் புரியாத சொல்லால் சொல்லிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. 'சலிக்காத தன்மை' என்று போடுங்கள்.

பட்டர்வொர்த், புதன் அதிகாலை

அம்மா, அந்தப் பிள்ளை சொன்னதைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை.

சலிக்காமை, அலுக்காமை, தெவிட்டாமை மூன்றும் எதிர்மறை. ஒன்று இல்லை என்று சொல்கின்றனவே தவிர, என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. நம்மிடம் அதற்குரிய உருபு இருக்கிறது: தொறும். 'நவில்தொறும் நூல்நயம்' என்றார் வள்ளுவர். படிக்கப் படிக்க நயம் கூடும் நூல். 'அறிதோறு அறியாமை' என்று இன்னொரு குறள். அறிய அறிய, முன்பு அறியாதது தெரிகிறது. பாயான் லெப்பாஸ் தம்பி கேட்டதும் இதைத்தானே? ஆகவே 'ஆடுதொறும் புதுமை'. சுருக்கினால் 'தொறும்புதுமை'.

இன்னொன்று. நகரம் கட்டும் விளையாட்டு நமக்குப் புதிதன்று. மணலில் சிறுமியர் கட்டியது சிற்றில். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம் உண்டு. எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் வேண்டுவார்கள். கட்டுவதும் சிதைப்பதும் திரும்பக் கட்டுவதும் அதில் உள்ளன. சிம்சிட்டியில் பேரிடரை ஏவ ஒரு பட்டியல் உண்டு என்று என் பேரன் காட்டினான். இந்த வகை முழுவதற்கும் 'சிற்றில் ஆட்டம்' என்று பெயர் வைத்தால் என்ன? தொல்காப்பியம் 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்கிறது. பண்ணைக்கு விளையாட்டு என்றே பொருள் இருந்திருக்கிறது. பயிர் விளைவிக்கும் பண்ணையும் அதுவும் ஒரே வேர்தானா என்று தனியாக எழுதுகிறேன்.

செந்தூல், புதன் இரவு

ஐயா, சிற்றில் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதில் இருப்பது இல், இவர்கள் கட்டுவது நகர். தனி இழையில் பேசுவோம்.

'தொறும்புதுமை' பற்றி ஒரு தயக்கம். தொறும் தனித்து நிற்காத உருபு. வினை இல்லாமல் அதைச் சொல்லின் தலையில் வைத்தால் இலக்கணம் ஒத்துக்கொள்ளுமா? 'ஆடுதொறும் புதுமை' என்று முழுதாகப் போட்டால் தலைப்புக்கு நன்றாக இருக்கும். கையேட்டின் சொல் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது.

பாயான் லெப்பாஸ், வியாழன் காலை

'மீளாட்டச் சுவை' என்றால்? மீள் எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனால் சுவை என்றதும் ஆட்டத்தில் இருக்கும் ஒன்று என்று தெரிந்துவிடுகிறது. வாக்கியமும் ஓடுகிறது: உத்திப் பன்மை குறைந்தால் மீளாட்டச் சுவை குறையும்.

பட்டர்வொர்த், வியாழன் காலை

மீள், ஆட்டம்: நெடிலை அடுத்த ஒற்று, இரட்டாது. மீளாட்டம் சரி. ஆனால் காதில் 'மீளா' என்றே முதலில் விழுகிறது. மீளாத ஆட்டம் என்று பொருள்கொண்டால் அது 'மீளாவாட்டம்' ஆகி வாட்டத்தில் முடியும். எழுத்தில் குற்றமில்லை, ஒலியில் உண்டு. நான் இதற்குக் கைதூக்க மாட்டேன்.

கிள்ளான், வியாழன் மாலை

சுவை பிள்ளைகளுக்குப் புரியும். முதலில் வரும் இடத்தில் 'எத்தனை முறை ஆடினாலும் புதிதாக இருக்கும் சுவை' என்று விளக்கம் போட்டுவிட்டால் எனக்குச் சம்மதம்.

செந்தூல், வியாழன் இரவு 11 மணி

கேட்டவரை ஆறு பேர் 'மீளாட்டச் சுவை', இரண்டு பேர் 'சலிக்காத தன்மை', ஐயா ஒருவர் 'ஆடுதொறும் புதுமை'. 'உத்திப் பன்மை'யை யாரும் மறுக்கவில்லை. அட்டவணையில் 'மீளாட்டச் சுவை' போகிறது, டீச்சர் சொன்ன விளக்கத்தோடு. பகுதியின் தலைப்பை 'ஆடுதொறும் புதுமை' என்று மாற்றிவிட்டேன். அந்த மாணவியின் இரண்டு பினாங்கையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறேன், பெயர் போடாமல்.

பட்டர்வொர்த், வெள்ளி அதிகாலை

தலைப்புக்கு நன்றி, தம்பி. அட்டவணையில் என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். அடுத்த பதிப்பு எப்போது?