கடலுக்குள் எழும் அலைகள் மிதக்கும் பனிக்கட்டியை நகர்த்துமா?

கேள்வி (குளச்சல் வாசகர்):
காற்று ஓய்ந்த காலையில் முட்டம் பாறை மேலிருந்து பார்த்தால், கடலில் வழவழப்பான பட்டைகளும் சிலிர்த்த பட்டைகளும் மாறிமாறித் தெரிகின்றன; நுரையும் பாசியும் வரிசையாக ஒதுங்குகின்றன. கடலுக்குள் நீரடுக்குகளின் எல்லையில் எழும் உள்ளலைகள் இத்தகைய பட்டைகளை உண்டாக்கக்கூடும் என்று படித்தேன். வடதுருவக் கடலின் பனிக்கட்டிகளையும் அவை இவ்வாறு ஒதுக்குமா?

பதில் 1:
ஒதுக்கும், ஐயா. உருகிய நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக நிற்கும் எல்லையில் உள்ளலை பல மீட்டர் ஏறி இறங்கினாலும், மேற்பரப்பு சில சென்டிமீட்டரே அசையும். ஆயினும், அதனுடன் வரும் மேல்நீரோட்டம் ஓரிடத்தில் குவிந்து அடுத்த இடத்தில் விலகுவதால், சிதறிய பனிப்பாளங்கள் பட்டைகளாகச் சேர்கின்றன.

பதில் 2:
பனியும் அலையைப் பாதிக்கிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பனியின் கரடுமுரடான அடிப்பரப்பின் உராய்வு அலையைத் தளர்த்துகிறது; நகரும் பனியின் அடியில் ஆழமாக நீண்டிருக்கும் முகடுகளோ புதிய உள்ளலைகளை எழுப்பி, அதனால் தாமே வேகம் இழக்கின்றன. 1893-இல் நார்வே துருவ ஆய்வாளர் நான்சென் சென்ற ஃபிராம் கப்பல் காரணம் புரியாமல் மந்தமானதும் இவ்வகையே. 1904-இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் அதை விளக்கினார்.

பதில் 3:
வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். வடதுருவத்தில் ஆழத்தே, மேல்நீரைவிடச் சற்று வெப்பமான அட்லாண்டிக் நீர் உள்ளது; உள்ளலைகள் உடைந்து நீரைக் கலக்கும்போது, அவ்வெப்பத்தில் ஒரு பகுதி மேலே, பனியை நோக்கி, ஏறுகிறது.